பூக்கட்டிப் பார்த்த படிப்பு

வேல்பாண்டி விட்ட அறையில் மாரிக்கனி அடுப்படி வாசல் நிலையில் மோதி விழுந்தாள். பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த அண்ணன், வந்த சூட்டோடு வீட்டையே பார்டர் ஆக்கிவிட்டான். தங்கச்சி செல்போன் ரிப்பேருக்கு வைத்திருந்த சால்டரிங் அயர்னை முறித்து வெளியே எறிந்தான். அது போதாதென்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அவளுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த இர்ஃபானாவின் செல்போன் சர்வீஸ் கடைக் கண்ணாடியையும் அடித்து நொறுக்கிவிட்டு வந்திருந்தான். பொம்பளை நடத்துகிற கடைதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற திமிர்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சா பெங்களூருல ஏசி ரூம்ல உக்காந்து வேல பாக்கலாம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிச்சு என்னட்டி செய்யப்போற? ஸ்க்ரூ டிரைவரும் கையுமா கடையில குந்தவா? உன் தங்கச்சி மெக்கானிக்கானு என் கூட உள்ளவன்லாம் சிரிப்பான்."

"அண்ணே, சயின்ஸுல புரோகிராம்தான் நெறைய. எனக்கு அந்த போர்டு, சிப்பு, அதையே செய்யணும். ரெண்டும் ஒரே காலேஜு, ரெண்டும் நாலு வருசந்தான்..."

அடுத்த அறை விழுந்தது. அவள் வாய் மூடியதே தவிர, முகம் இறங்கவில்லை.

தாய் இருளம்மாள் குறுக்கே விழுந்தாள். புருஷன் கண்ணுச்சாமி ஆலங்குளம் ரோட்டில் லாரி மோதிச் செத்த பிறகு, இனி வேலுதான் வீட்டுக்கு ஆம்பளை என்று ஊர் சொல்லிச் சொல்லி, அவளும் தலையாட்டித் தலையாட்டி வளர்த்துவிட்ட வினை இது. காலேஜ் கவுன்சலிங்கில் கொடுத்த நம்பரும் அவனுடையதுதான். ஓடிபி அவன் போனுக்கு வந்தால்தான் விருப்பப் பாடத்தை உறுதி செய்ய முடியும். அன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

"அடிக்காதலே. கருப்பசாமிகிட்ட பூக்கட்டிப் பாப்போம். சாமி சொன்னா அவ கேப்பா. நீயும் கேக்கணும்."

செட்டியார்பட்டிப் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, இழுபறி என்றால் இப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒன்றுபோல இலையில் கட்டிச் சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். நந்தியாவட்டை வந்தால் சயின்ஸ், செவ்வரளி வந்தால் இன்ஜினியரிங் என்று பேசிக்கொண்டார்கள்.

பொட்டலம் கட்டியவள் இருளம்மாள். இரண்டிலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினாள். பிள்ளைக்காக ஒரு பொய், கருப்பன் பொறுத்துக்கொள்வான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கொண்டுபோய்ப் பூசாரி குருசாமியிடம் கொடுத்துவிட்டு, மகளை அழைத்துவர வீட்டுக்குத் திரும்பினாள்.

கண்மாய்க்கரைக் கோயிலில் மூவரும் நின்றார்கள். குருசாமி மணியை ஆட்டினார், திருநீற்றை வீசினார், ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று நந்தியாவட்டை.

பொய்க்கட்டு கட்டியவளைக் கருப்பன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டான் என்றே இருளம்மாள் நினைத்தாள். திருநீறு பூசக் குருசாமி கிட்டே வந்தபோதுதான் குப்பென்று வாடை அடித்தது. மிலிட்டரி ரம். மகன் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த பாட்டில் காலையிலிருந்து அலமாரியில் இல்லை. அட படுபாவி, சாமியை ஏமாற்ற ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேரா! வெளியே சொன்னால் அவள் குட்டும் உடைந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பூசாரியய்யா, மத்த பொட்டலத்தையும் பிரிங்க" என்றாள் மாரிக்கனி.

"சாமியவே சந்தேகப்படுதியா?" வேல்பாண்டி அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். பலிபீடத்தில் தலை இடித்து நெற்றி பிளந்தது. சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். ரத்தம் அவள் கண்ணில் இறங்கி, தாவணி நனைந்தது.

"விடுலே அவள!" இருளம்மாள் கத்தினாள். "நான் ரெண்டுலயும் செவ்வரளிதாம்லே கட்டினேன். வெள்ளப் பூ எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

குருசாமி மணியைப் போட்டுவிட்டுக் கண்மாய்க்குள் இறங்கி ஓடினார்.

"சாமிகிட்டயே களவாண்டியா நீ?" பெற்றவள் என்றும் பாராமல் வேல்பாண்டி ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்து, பல் ஒன்று ஆடிவிட்டது. ஆயிரம் அடி அவன் தங்கச்சியை அடித்தபோது வராத கோபம் இப்போதுதான் இருளம்மாளுக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். அது அப்போதும் வந்ததுதான். பயந்து விழுங்கியிருந்தாள், அவ்வளவுதான்.

"நான் பொய்யாக் கட்டினேன். நீ சாராயத்தக் குடுத்து மாத்திக் கட்டச் சொன்ன. இதுல யாருலே யோக்கியன்?"

வேல்பாண்டி போனை எடுத்தான். "இப்பமே சயின்ஸப் போட்டு முடிக்கேன். எவ தடுக்கானு பாப்போம்."

சாமி முன்னால் நட்டிருந்த அரிவாளை இருளம்மாள் பிடுங்கினாள். வெட்டத்தான் ஓங்கினாள், அதை மறைப்பானேன். இறக்கும்போது மணிக்கட்டு தானாகத் திரும்பியது. அரிவாளின் முதுகு அவன் வலது முன்கையில் இறங்கிற்று. எலும்பு முறிகிற சத்தம் மூவருக்கும் கேட்டது. அவன் போனை விட்டுவிட்டு, "எம்மா!" என்று அலறி மண்ணில் உருண்டான்.

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே, நெற்றியில் தையலோடு உட்கார்ந்து மாரிக்கனி அவன் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் விருப்பம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். ஓடிபி வந்தது. வேல்பாண்டி பார்த்தான். இடது கையை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம். கட்டில் காலடியில் இருளம்மாள் நின்றாள், அவன் நீட்டவில்லை. மாரிக்கனி எண்களைப் போட்டு முடித்துவிட்டு, முதல்முறையாக அழுதாள்.

டாக்டரம்மா வந்து கையைப் பார்த்தார். "எப்படி ஒடஞ்சது?"

பட்டாளத்தான் கையை ஆத்தா முறித்தாள் என்று எப்படிச் சொல்வான்? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "கோயில்ல வச்சு... சாமி அடிச்சிருச்சு."

"சாமிய இழுக்காதலே." இருளம்மாளின் வீங்கிய வாயிலிருந்து சொல் குழறித்தான் வந்தது. "அது பேரச் சொல்லி இன்னைக்கு அம்புட்டுப் பேரும் செஞ்சது போதும். நான் அடிச்சேன் டாக்டரம்மா. இவனப் பெத்தவ. இருளம்மாள்னு எழுதிக்கோங்க."