காலேஜ் சேர்ந்த பிள்ளைகள்

எங்கள் அச்சரப்பாக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேலே எதுவானாலும் காலேஜ்தான். தையல் டிப்ளமோவும் காலேஜ், ஐ.டி.ஐ.யும் காலேஜ், மருந்துக்கடை மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தால் அதுவும் காலேஜ். கல்லூரி என்பது பெயர்ப்பலகைக்கும் பஸ் முதுகுக்கும் உண்டான வார்த்தை, அதை யாரும் வாயால் சொல்வதில்லை. "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால் "காலேஜ் போவுது" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாமல் போன ஜூன் மாதம் முழுக்க நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

எரிய வைத்தவள் என் ஓரகத்தி மேரி. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் மகள் பெனிட்டாவும் என் மகள் சிநேகாவும் ஒன்றாகப் பன்னிரண்டு முடித்தார்கள். சிநேகா நானூற்று எழுபத்தொன்று, பெனிட்டா நானூற்று இரண்டு. ரிசல்ட் வந்த அன்று மேரி வாசலுக்கே வரவில்லை. எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி ஒரு வாரம்தான் நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் பெனிட்டாவைச் சேர்த்துவிட்டார்கள். காலை ஏழேகாலுக்கு மஞ்சள் பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். கழுத்தில் ஐடி கார்டோடு அவள் ஏறுவாள். சாயங்காலம் கொத்தமல்லி வாங்கப் போகும்போதும் அந்தக் கார்டு கழுத்தில் தொங்கும். சிநேகாவோ செங்கல்பட்டு கவர்மென்ட் காலேஜில் பி.காம். கேட்டு, முதல் லிஸ்ட்டில் வராமல் வீட்டில் இருந்தாள்.

"இன்னாக்கா, சிநேகாக்கு இன்னும் காலேஜ் அமையலையா?" என்று மேரி தினமும் கேட்பாள். ஏதோ வரன் தள்ளிப்போன பெண்ணை விசாரிப்பது போல.

"செகண்ட் லிஸ்ட்ல வந்துடும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள் சிநேகா.

பொறுத்திருப்பேன். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஜூலை முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்ததும் பாஸ்டர், "இந்த வருஷம் காலேஜ் சேர்ந்த பிள்ளைகள் முன்னாடி வாங்க" என்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக்கில் காலேஜ் பெயரைச் சொல்வார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். பெனிட்டா முன்னால் நிற்க, எழுபது மார்க் அதிகம் வாங்கிய என் பெண் பாயில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டுமா? என்னால் ஆகாது.

வெள்ளிக்கிழமை ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு சிநேகாவை மாமல்லபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கல்பட்டறைக்கு மேல் மாடியில் கேட்டரிங் காலேஜ் ஒன்று இருந்தது. ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் கொடுத்தால் அன்றைக்கே ஐடி கார்டு என்றார்கள்.

சிநேகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஒரிஜினல் வாணாம்மா. ஜெராக்ஸ் குடுக்கலாம்."

"வாய மூடிகினு கையெழுத்து போடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் போய் நின்றாள். அவள் மைக்கில் சொன்னது பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது, மேரிக்கும் கேட்டது. மேரியின் முகம் சுருங்கியதைக் கண்ணாரப் பார்த்தேன். அன்று மத்தியானம் பிரியாணி எனக்கு நன்றாக இறங்கியது.

செவ்வாய்க்கிழமை சிநேகாவின் போனுக்கு மெசேஜ் வந்தது. செங்கல்பட்டில் பி.காம்., வியாழக்கிழமை காலை பத்து மணி, ஒரிஜினல் சான்றிதழ்களோடு வர வேண்டும். அவள் அதை என்னிடம் படித்துக் காட்டவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை மாமல்லபுரத்துக்கு ஓடினேன். சான்றிதழ்கள் சென்னை ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டன, திரும்பி வர ஒரு மாதம் ஆகும் என்றாள் ஆபீஸ் பெண். கத்தினேன், அழுதேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை வெறும் ஜெராக்ஸோடு செங்கல்பட்டுக்குப் போனோம். சிநேகா பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த மேடம் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்தார். "ஒரிஜினல் இல்லாம அட்மிஷன் போட முடியாதும்மா. நாலு மணி வரைக்கும் உங்க சீட்ட வச்சிருக்கேன். அதுக்குள்ள கொண்டாங்க" என்றார். நல்ல மனுஷி. ஆனால் நாலு மணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்தக் கேட்டரிங் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டேன். முதல் இரண்டு தடவை எடுத்தார்கள்.

வெளியே வராந்தாவில் நாங்கள் காத்திருந்த பெஞ்சில் ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் ஆதியம்மாள், மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம். மகள் தேவிப்பிரியாவுக்கு வெயிட்டிங் லிஸ்ட்டாம். பி.காமில் யாராவது வராமல் போனால் சீட்டு கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதன் மேல் இரண்டு கையும்.

"எங்க ஊருல பட்டற மேல ஒரு கேட்டரிங் காலேஜ் கீது" என்றாள் என்னிடம். "சேத்துக்கறேன், ஒரிஜினல குடுன்னான். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இத்த வாங்க எம் பொண்ணு பன்னண்டு வருசம் போய்ட்டு வந்துச்சி. கைய வுட்டு தரமாட்டேன்னு எந்திரிச்சி வந்துட்டேன்."

எனக்கு அவளை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. மேரியின் மேல் கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. சிநேகா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மேடம் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். தேவிப்பிரியா பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் கேட்டுக்கு வந்து பஸ்ஸுக்காக நின்றபோது தாயும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். ஆதியம்மாளுக்கு யாருடைய சீட்டு அது என்று தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டாள். "கண்ணு, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ புடிச்சிக் குடேன். பின்னால காலேஜ் பேரு தெரியணும்" என்று போனைச் சிநேகாவிடம் நீட்டினாள்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் சிநேகா வாங்கிக்கொண்டாள். பெயர் முழுசாக விழவில்லை என்று ரோட்டோரம் மண்டி போட்டு மறுபடி எடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா படி" என்றாள் தேவிப்பிரியாவிடம். அந்தப் பெண் சிரித்தபடியே தன் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகப் பொறாமை வந்தது. இத்தனை நாள் மேரியிடம் பட்டதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பஸ் வந்தது. சிநேகா முதலில் ஏறி, ஒருத்தர் மட்டும் உட்காரக்கூடிய இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.