பஞ்சுவின் கழுத்துப்பட்டை

எங்கள் வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து, பெரிய சாமான்களுக்கென்று ஒரே லைன்தான். மாடியில் குடியிருக்கும் ஸ்வீட்லின் கேக் சுடும் ஓவனும், கீழே என் குளியலறை கீசரும் அதில்தான் ஓடுகின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் செத்த நேரத்தில் பிரேக்கர் விழுந்துவிடும்.

"பெரிய பிரேக்கரா மாட்டி விட்டிரு" என்றேன், எலக்ட்ரீஷியன் இருளப்பசாமியிடம்.

"மாட்டலாம் அண்ணாச்சி. பொறவு அது விழாது, செவுத்துக்குள்ள வயருதான் எரியும். தனி லைன் இழுக்கிற வரைக்கும் ஒண்ணு ஓடுனா இன்னொண்ணு நிக்கட்டும்."

நான் ரயில்வேயில் முப்பது வருஷம் பாயின்ட்ஸ்மேன். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் வாங்கிய வண்டிதான் போகலாம். ஒருமுறை டோக்கன் இல்லாமல் கிளம்பிய சரக்கு வண்டி பாதி தூரம் போய், மனசு கேட்காமல் தானாகவே பின்னால் வந்து நின்றது. கண்ணால் பார்த்தவன் நான். ஆகவே என் நாய் பஞ்சுவின் பழைய கழுத்துப்பட்டையை மாடிப்படி ஆணியில் மாட்டினேன். பட்டையை எடுத்துப் போனவர் மட்டும் சுவிட்சைப் போடலாம். பஞ்சு ராஜபாளையத்து நாய். பட்டை எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வாசலில் போய்க் காவல் படுத்துக்கொள்ளும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்வீட்லின் கேக் ஒத்துக்கொண்டிருந்தாள். முதல் பெரிய ஆர்டர். முந்தின நாள் சுட்டது, பிரேக்கர் விழுந்து வேகாமல் போயிற்று. கல்யாணத்தன்று காலை பட்டையை எடுத்துப்போய், புதுக் கேக்கை ஓவனில் வைத்தாள். பிரேக்கர் மறுபடியும் விழுந்தது.

எனக்கு அவள் புருஷன் செல்வின்மேல்தான் சந்தேகம். அயர்ன்பாக்ஸ் வைத்திருக்கிறான்.

"நான் தேய்க்கவே இல்ல தாத்தா. சட்டையப் பாருங்க" என்றான்.

கசங்கித்தான் இருந்தது. தேய்த்த பிறகு வேண்டுமென்றே கசக்கியிருப்பான்.

ஸ்வீட்லின் என்னையே பார்த்தாள். "பட்டை எங்கிட்ட இருக்கு. பஞ்சுவ ஏன் எங்க வாசல்ல காணோம்?"

அந்த நேரம் பார்த்து, என் குளியலறையிலிருந்து பஞ்சு வந்தது. உடம்பெல்லாம் ஆவி. காதோரம் நுரை.

"சுவிட்சப் போட்டது அதுதான்" என்றேன். "அதுக்குப் பச்சைத்தண்ணி ஆகாது."

"சோப்பும் அதுவே போட்டுக்கிச்சா தாத்தா?"

"முதுகுக்கு மட்டும் நான் தேச்சுவிட்டேன்."

அவள் கீசரை அணைத்து, பிரேக்கரைத் தூக்கிவிட்டு, பட்டையை என் கையில் கொடுத்தாள். "இதப் பிடிச்சுக்கிட்டு ஓவன் முன்னால உக்காருங்க. கேக் வேகுற மட்டும் எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தேன். பட்டையைத் தேடி வந்த பஞ்சு ஈரத்தோடு என் கால்மேல் படுத்துக்கொண்டது. நடுவில் லேசாகக் குழி விழுந்த கேக்கை வெளியே எடுத்து, குழியில் க்ரீமை நிரப்பினாள். மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் இருளப்பசாமி வந்து கீசருக்குத் தனி லைன் இழுத்தான். குளியலறைக்கு வெளியே இரண்டடி உயரத்தில் சுவிட்சை வைக்கச் சொன்னேன். பஞ்சுவுக்கு எட்ட வேண்டுமே.