இரண்டு வாய் கஞ்சிக்குப் பிறகு

“சாப்புட்டாத்தானே பாப்பா குடுக்க முடியும்? வெறும் வயித்துல எப்படிக் குடுக்குறது?” என்றாள் தைலம்மாள்.

வெண்மதி கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு குழிகூடப் பிரிக்கப்படவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் அதேபோல் இன்னும் இரண்டு அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு, ஈரம் படாமல் பாலிதீன் பையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன.

“எத்தன நாளாம்மா குடுக்கல?”

“வெள்ளிக்கெழம மத்தியானத்துலேர்ந்து. அன்னிக்கி ரெண்டு வாய் கஞ்சி எறங்குச்சு, ஒண்ணு குடுத்தேன். அதுக்கப்புறம் வாயே தொறக்கல. தண்ணி மட்டும் ஸ்பூன்ல உடுறேன்.”

இன்று செவ்வாய். வெண்மதி மனதுக்குள் நாட்களை எண்ணினாள், பிறகு எண்ணுவதை நிறுத்தினாள். கட்டிலில் தைலம்மாளின் கணவர் சடையப்பன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டிலின் நைலான் கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவர் முனகுவதை அவள் தெருவில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே கேட்டாள். அருகில் வந்த பிறகு அது முனகலாகவும் இல்லை. ஒவ்வொரு மூச்சும் வெளியே வரும்போது எதிலோ உரசிக்கொண்டு வந்தது.

நெல் கொள்முதல் நிலையத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். முதுகு வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரே எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? பாண்டிச்சேரியில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்துவிட்டிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை சிதம்பரத்திலிருந்து வெண்மதி வந்துபோகிறாள். புண்ணைத் துடைப்பாள், சிறுநீர்க் குழாயை மாற்றுவாள், கடலூரிலிருந்து டாக்டர் கையெழுத்துப் போட்டு அனுப்பும், வலிக்கான அந்த வெள்ளை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவாள். அதை நான்கு மணி நேரத்துக்கு ஒன்று கொடுக்க வேண்டும். வலி வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும்.

போன செவ்வாய் அவளால் வர முடியவில்லை. மழை பெய்து நான்கு ஊர்களில் காய்ச்சல். முகாமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

“ஞாயித்துக்கெழம போன் பண்ணேன்லம்மா? மாத்திரை குடுக்குறீங்களான்னு கேட்டேன்.”

“நீ சொன்ன மாரிதான் செய்றேன்னு சொன்னேன்” என்றாள் தைலம்மாள். அவள் குரலில் எந்த மறைப்பும் இல்லை. “நீ சொன்ன மாரிதான் பாப்பா செஞ்சேன்.”

வெண்மதிக்கு முதல் நாள் ஞாபகம் வந்தது. இதே தரையில் பாயைப் போட்டு நான்கு வகை மாத்திரைகளையும் வரிசையாக வைத்தாள். இது வலிக்கு, இது மலச்சிக்கலுக்கு, இது வயிற்றெரிச்சலுக்கு, இது வீக்கத்துக்கு. கடைசியில், எழுந்துகொள்ளும் அவசரத்தில், எல்லாமே சாப்பாட்டுக்கு அப்புறம்தான்மா என்று சொன்னாள். அப்போது சடையப்பன் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தைலம்மாள் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள். விடியற்காலை மாத்திரைக்குக்கூட அவரை எழுப்பி, பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டி, அது இறங்கியதைப் பார்த்த பிறகே கொடுத்திருக்கிறாள். வெண்மதி போய்வரும் நாற்பது வீடுகளில் இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை.

“மாமா கெஞ்சுனாரு நர்சம்மா” என்று வாசலில் நின்றிருந்த தட்சிணாமூர்த்தி சொன்னான். தைலம்மாளின் தம்பி, புவனகிரியில் ஆட்டோ ஓட்டுகிறான். “அந்த வெள்ள மாத்திரயக் குடுடி, குடுடின்னு. இது இன்னா பண்ணுது, கொழந்தைக்குச் சொல்ற மாரி, ரெண்டு வாய் கஞ்சி குடி, தரேன்னுது. அவரு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தவருதான்.”

“நீ கம்னு இருடா.”

“நான் இன்னாக்கா சொல்லிட்டேன்? நாலு நாளா எதுத்த ஊட்டு நாயி கொலைக்கிறத நிறுத்திப்புட்டு இவரு சத்தத்தக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதத்தான் சொல்றேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

வெண்மதி ஒரு மாத்திரையைப் பிரித்தாள். இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். நான்கு சொட்டு வெந்நீர் விட்டுக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சினாள். தைலம்மாள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கஞ்சி கொஞ்சம் சுட வைக்கட்டா? ஒரு வாய்...”

“வேணாம்மா.”

“வயிறு புண்ணாயிடாது?”

“ஆவாதும்மா.”

கன்னத்தின் உட்பக்கம் மெதுவாக விட்டாள். ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது, விரலால் உள்ளே தள்ளினாள். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள். பாதம் சில்லிட்டிருந்தது. முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது, தண்ணீர் வற்றிய குட்டையின் அடியில் தெரியும் கறை மாதிரி. அவள் போர்வையை மறுபடி மூடி, ஓரங்களைச் செருகினாள்.

வெளியே வந்து கடலூருக்குப் போன் செய்தாள். டாக்டர் கேட்டுவிட்டு, “ஆரம்பிச்சிடுச்சு. வலி இல்லாம மட்டும் பாத்துக்கம்மா, வேற ஒண்ணும் இல்ல” என்றார். கூட நின்ற தட்சிணாமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். சடையப்பனின் பெண் சிவசக்தி திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னான். கள்ளக்குறிச்சி தாண்டியிருப்பாள் என்றான். பிறகு, “எத்தினி மணிக்குள்ள வரணும் அவ?” என்று கேட்டான்.

“சீக்கிரம் வரச் சொல்லுங்கண்ணே.”

உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மருந்து கேட்க இனி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்த அரை மணி நேரங்களில் அவளுக்கு எப்போதும் ஒரு காட்சி தோன்றும். தான் போய்வரும் நாற்பது கட்டில்களையும் யாரோ அறுவடை முடிந்த ஒரே வயலில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மேலே ஒரே வானம். அவள் ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்கு நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள், கடைசிக் கட்டிலுக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் கட்டில் காலியாகிவிடுகிறது. யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. இன்று அந்தக் காட்சியில் ஒரு கட்டில் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பக்கத்து வீட்டில் சீரியல் ஓடியது. யாரோ ஒருத்தி யாரையோ மன்னிக்க மாட்டேன் என்று கத்தினாள். விளம்பரம் வந்தது.

முதலில் விரல்கள் கயிற்றை விட்டன. ஒவ்வொன்றாக விட்டன. தோள் இறங்கியது. நெற்றியில் நான்கு நாளாக இறுகிக் கிடந்த மடிப்பு தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. உரசல் நின்றது. அறைக்குள் திடீரென்று எல்லாமே கேட்டது: மின்விசிறி, கொல்லையில் கோழி, தூரத்தில் கடலூர்ப் பக்கம் போகும் ரயில்.

சடையப்பன் கண்ணைத் திறந்தார்.

“இன்னா மாமா” என்று தட்சிணாமூர்த்தி ஓடிவந்து குனிந்தான். “மறுவீட்டுக்கு வந்த மாப்ள மாரி படுத்துக் கெடக்க?”

அவர் உதடு அசைந்தது. “மச்சான்... பீடி வச்சிருக்கியா?”

“பாத்தியாக்கா! கேக்குறதப் பாரு! நர்சம்மா எதுக்கால கேக்குறாரு!” அவன் சிரித்தான், இந்த முறை நிஜமாகவே சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். “எந்திரி, நெய்வேலி ஆர்ச்சு வரைக்கும் ஆட்டோவுல கூட்டிட்டுப் போறேன். பீடி இன்னா, சிகரெட்டே வாங்கித் தரேன்.”

சடையப்பன் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்ற தைலம்மாளை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வெண்மதி அவளைப் பார்த்தாள். வலி இறங்க இறங்க தைலம்மாளின் முகம் மாறிக்கொண்டு வந்தது. அந்த முகம் தெளியும் என்றுதான் எந்த வீட்டிலும் வெண்மதி காத்திருப்பாள். முதல் முறையாக, இந்த மருந்து இவ்வளவு சீக்கிரம் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

தட்சிணாமூர்த்தி சிவசக்திக்குப் போன் செய்ய வெளியே போனான். “அப்பா பேசுறாரும்மா, பீடி கேக்குறாரு” என்று அவன் தெருவில் கத்துவது கேட்டது.

“அர மணி நேரம்தான் ஆச்சு” என்றாள் தைலம்மாள்.

“ஆமாம்மா.”

“வயித்துல ஒண்ணும் இல்ல. ஒரு பருக்க இல்ல.”

“ஆமாம்மா.”

“அப்ப சனிக்கெழமயும் கேட்டிருக்கும்.”

வெண்மதி எழுந்து அவள் கையைப் பிடித்தாள். “என் தப்பும்மா. எல்லா மாத்திரையும் சாப்பாட்டுக்கு அப்புறம்னு நான்தான் சொன்னேன். இது மட்டும் அப்படி இல்லன்னு பிரிச்சுச் சொல்லியிருக்கணும். போன்லயாவது சரியா கேட்டிருக்கணும். உங்க தப்பு இல்ல.”

தைலம்மாள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவளைத் தொட்டதாகவும் தெரியவில்லை.

“கஞ்சி குடிச்சாத்தான் தரேன்னு நான் எதுக்குச் சொன்னேன்னா, அத வச்சாவது ரெண்டு வாய் சாப்புடுவாருன்னு. சோறு எறங்குனா ஒடம்பு தேறும்ல. அதுக்குத்தான் மாத்திரயக் கையில வச்சிக்கிட்டுக் காட்டுனேன்.” அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள், இப்போதும் விரல்களுக்கிடையில் ஒன்று இருப்பதுபோல. “கைய நீட்டுனாரு. நான் பின்னால இழுத்துக்கிட்டேன்.”

கட்டிலில் ஒரு மூச்சு உள்ளே போனது. வெண்மதி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டில் மூச்சு வந்தது, ஆழமாக, யாரோ தூக்கத்தில் புரண்டதுபோல. மறுபடி நின்றது. நாடியைத் தொட்டாள். மணிக்கட்டில் எதுவும் கிடைக்கவில்லை; முழங்கை மடிப்பில் நூல் மாதிரி ஓடியது. தோளைத் தொட்டு, “ஐயா” என்றாள். “ஐயா, சடையப்பன் ஐயா.” இமை அசையவில்லை. அந்த முகத்தில் வலி இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

“நல்லாத் தூங்குறாரு பாரு” என்றாள் தைலம்மாள். “நாலு நாளு தூக்கம்.”

வெண்மதி போர்வையை அவர் தோள் வரை இழுத்துவிட்டாள்.

தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவர் காதருகே குனிந்தாள், என்ன தோன்றியதோ, நிமிர்ந்துவிட்டாள்.

“நான் சொன்னா கேக்க மாட்டாரு பாப்பா. என் மூஞ்சியவே பாக்கல. நீ சொன்னா நம்புவாரு, உன் மேல அவருக்கு மரியாத ஜாஸ்தி. நான் வேணும்னு குடுக்காம இல்ல, தெரியாமத்தான்னு. அவ்ளோதான், ஒரு வார்த்த. தூக்கத்தக் கெடுத்தாலும் பரவால்ல, எழுப்பிச் சொல்லு பாப்பா.”