தாள நர்ஸின் விரல்

அந்த நர்ஸுக்குப் பிரசவ வார்டில் எல்லோரும் வைத்திருந்த பெயர் தாள நர்ஸ். காலையில் அவள் என் வயிற்றில் கருவியை வைத்ததும், தையல் மிஷின் ஓடுவது மாதிரி உள்ளேயிருந்து குழந்தையின் இதயச் சத்தம் வந்தது. அதற்கு ஏற்றபடி அவளுடைய ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன சிஸ்டர், கச்சேரியா?" என்று கேட்டேன். வலி விட்டிருக்கும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது.

"பழக்கதோஷம்மா," என்று சிரித்தாள். "பிறந்த குழந்தைக்கு மூச்சு வரலைன்னா டாக்டரோட ரெண்டு கையும் மூச்சு குடுக்கிற மாஸ்க்குல இருக்கும். இதயத் துடிப்பை நாங்க பிடிச்சுப் பார்த்து விரலால தட்டிக் காட்டணும். எண்ணிச் சொல்லிட்டு இருக்கவெல்லாம் நேரம் கிடையாது. விரல் வேகமா ஆடினா நல்லது. தொய்ஞ்சா ஆபத்து."

"எனக்கு அதெல்லாம் வேணாம். உங்க விரலைப் பத்திரமா பைக்குள்ள போட்டு வெச்சுக்குங்க."

"அப்படியே ஆகட்டும் தாயே," என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். அவளை எனக்குப் பிடித்திருந்தது.

மதியம் குழந்தை பிறந்தது. அழவில்லை. "பொண்ணு," என்று யாரோ சொன்னார்கள். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை வெட்டிவிட்டு, நீலம்பாரித்து ஈரத்துணி மாதிரி தொங்கிய பிள்ளையைச் சுவரோர மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரின் முதுகு அவளை மறைத்துவிட்டது. நான் கிடந்த இடத்திலிருந்து தெரிந்தது தாள நர்ஸ்தான். அவளுடைய இடதுகை விரல்கள் தொப்புள்கொடியின் அடியைப் பிடித்திருந்தன. வலதுகை டாக்டரின் கண்ணில் படும்படி உயர்ந்து நின்றது.

ஆடு, ஆடு என்று அந்த விரலைக் கெஞ்சினேன். ஆடியது. காலையில் கம்பியில் தட்டிய அதே வேகத்தில் ஆடியது.

"துடிப்பு நல்லா இருக்கு. மூச்சு மட்டும் குடுப்போம்," என்றார் டாக்டர்.

என் தலைமாட்டில் நின்ற கணவர் அழுதுகொண்டே சிரித்தார். "பார்த்தியா, உன்னை மாதிரியே பிடிவாதம். எல்லாரையும் நல்லா ஆட்டி வெச்சிட்டுத்தான் வாயைத் திறப்பா." நானும் சிரித்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் அவளுக்குப் பள்ளிக்கூடப் பை வரைக்கும் வாங்கிவிட்டேன்.

பிள்ளையின் நிறம் மட்டும் மாறவில்லை. டாக்டர் மாஸ்க்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். வைத்தவர் நிமிர்ந்து நர்ஸின் விரலைப் பார்த்தார். அது இன்னும் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"எதைத் தட்டறீங்க நீங்க?" என்றார்.

விரல் நின்றது. அதற்குப் பிறகு டாக்டரின் விரல்தான் தட்டியது. ஒரு தட்டு. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. நெஞ்சை அழுத்தினார்கள், மருந்து ஏற்றினார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்தார்கள். கடைசியில் எல்லோருமே கையை எடுத்துவிட்டார்கள்.

என்னைத் தனியறைக்கு மாற்றினார்கள். கணவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தகவல் தெரிந்து என் அண்ணன் ஓடி வந்திருந்தான். தாள நர்ஸ் யாரும் கூப்பிடாமல் தானாகவே வந்து என் கால்மாட்டில் நின்றாள்.

"நான் பிடிச்சது குழந்தையோட துடிப்பு இல்லைம்மா. பதட்டத்துல என் விரலே துடிச்சிருக்கு. அதைத்தான் தட்டிக் காட்டியிருக்கேன்."

எனக்கு அது மண்டையில் ஏறவே நேரம் பிடித்தது. நான் பார்த்துப் பார்த்துச் சிரித்தது இவளுடைய பயத்தை. என் மகள் என்று ஒருத்தி அந்த விரலில் இருக்கவே இல்லை.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கணவர் கேட்டார்.

"முன்னாடியே நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சிருப்போம். பிழைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்கும் சொல்லத் தெரியலை."

"உன் துடிப்பு எது, என் பிள்ளை துடிப்பு எதுன்னு தெரியாத உனக்கு எதுக்குடி இந்த வேலை?" என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

"இவளைச் சும்மா விடமாட்டேன். இவ வேலையில எப்படி இருக்கான்னு பார்த்துடறேன்," என்றான் அண்ணன்.

"விடாதே," என்றேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் எனக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பு இருந்திருக்காது.

சாயங்காலம் ஆயா பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மூக்கு அப்படியே அவருடையது. துணிக்குள்ளிருந்து ஒரு கை நழுவி வெளியே வந்தது. அதன் மணிக்கட்டை இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்துக்கொண்டேன்.

துடித்தது.

"என்னங்க! துடிக்குது! ஐயோ, யாராவது ஓடி வாங்களேன்! என் பொண்ணுக்கு உயிர் இருக்கு!"

கணவர் தடுமாறி எழுந்தார். அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிக் கத்தினான். வந்தவள் தாள நர்ஸ். யார் வந்தால் எனக்கென்ன? அவள் குனிந்து ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினாள். பழக்கத்தில் வலதுகை தானாகவே உயர்ந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது அசையவில்லை. அவள் இடத்தை மாற்றி வைத்துக் கேட்டாள். மறுபடியும் மாற்றினாள். விரல் அப்படியே நின்றது.

"நல்லாப் பாரு. கையில இருக்கு, நான் பிடிச்சிட்டுத்தானே இருக்கேன். இன்னொரு தடவை தப்புப் பண்ணிடாதே," என்றேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது மாதிரி இருந்தது.

தாள நர்ஸ் பிள்ளையின் மணிக்கட்டிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அவற்றைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். பிறகு தன் கையை எடுத்துவிட்டாள்.

"இப்பப் பாருங்கம்மா."

கம்பி துடித்தது. என் பிள்ளை துடித்த அதே வேகத்தில், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இவ பேச்சைக் கேக்காதே, நான் போய் டாக்டரைக் கூட்டிட்டு வரேன்," என்றான் அண்ணன். "இவளுக்கு இருக்கு இன்னைக்கு."

"வேணாண்ணா," என்றேன். "விடு."

என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. பிள்ளையின் மணிக்கட்டை மறுபடி பிடித்தேன். துடித்தது. ஆயா வந்து பிள்ளையைத் திருப்பிக் கேட்கும்வரை விடவில்லை.