வலப்பக்கத்துப் போத்தல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மாலை வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருப்பவள் கிண்ணியா போகும் பஸ்ஸில் சொன்னது. அரசாங்க ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த தாதி அவள். பழைய படைவீரர்கள் படுத்திருக்கும் வார்ட்டில் வேலை. "எழுதினா பேரை மாத்து புள்ள" என்றாள். நிப்லா என்று மாற்றியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'துறைமுகத்தில் கப்பல்கள் விளக்கேற்றும் நேரம்...' (வெட்டிவிட்டேன். அந்த வார்ட் ஜன்னலில் கடல் தெரியாது.)

2

இரண்டாம் தொடக்கம். சிறுநீர்ப் போத்தலைக் கட்டிலின் வலப்பக்கக் கம்பியில் கொழுவித் தொங்கவிடத்தான் நிப்லா பழகியிருந்தாள். எல்லாக் கட்டில்களிலும் அப்படியே கொழுவிக்கொண்டு போனாள். ஓரத்துக் கட்டிலில் குணபால என்ற சிங்களவர். போரில் வலக்கையைத் தோளோடு இழந்தவர். இப்போது இடுப்பு முறிந்து, புரளவும் முடியாமல் கிடந்தார்.

காலையில் வார்ட்டுக்குப் பொறுப்பான மக்டலின் சிஸ்டர் போர்வையைத் தூக்கினார். மெத்தை முழுக்க ஈரம்.

"ஆர் போத்தலை இந்தப் பக்கம் கொழுவினது?"

நிப்லா தலையைக் குனிந்து ஈரப் போர்வையைச் சுருட்டினாள்.

"இந்த நர்ஸ் மிஸ்ல பிழை இல்ல, சிஸ்டர்," என்றார் குணபால, தனக்குத் தெரிந்த தமிழில். "நான்தான் அங்க கொழுவச் சொன்னது."

"இல்லாத கையால எடுக்கவோ, ஐயா?"

வார்ட்டே சிரித்தது. குணபாலவும் சிரித்தார். நிப்லாவும்

(இந்த இடத்தில் அவள் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.)

3

எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. அவளுடைய சாச்சாவை, அதாவது சித்தப்பாவை, ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அடித்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும்.

"வேணுமெண்டு செய்தியா?"

"அப்பிடியெண்டா நல்லமே. ஒரு காரணமாவது இருந்திருக்கும்." பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டினாள். "ஆமிக்காரன் எண்டு சொன்னாங்க. நான் அந்த மனிசனைப் பாக்கவே இல்ல. கட்டிலைப் பாத்து வேலை செஞ்சன்."

பழிவாங்குபவளை என்னால் எழுத முடியும். அதற்குத்தான் ஒரு பக்கம் தயாராக வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

4

முடிவு அ: அவள் மன்னிப்புக் கேட்கிறாள், அவர் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார். (கூடாது. அவருடைய தயவை ஒருமுறை வாங்கியது போதும்.)

முடிவு ஆ: மறுநாள் அவரைக் கொழும்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். (இது என்னையும் அவளையும் காப்பாற்றும் முடிவு. பொய்.)

இவ்வளவையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சிஸ்டரிட்ட உண்மையைச் சொன்னா, அந்த மனிசன் பொய்க்காரன். சொல்லாட்டி நான்," என்றாள் நிப்லா. "நாளைக்கும் எனக்கு அதே வார்ட். நீ எழுதுற ஆள்தானே, சொல்லு. என்ன செய்ய?"

அந்த முடிவை, வாசிக்கும் உங்களிடம் தருகிறேன். அவள் ஓரத்துக் கட்டிலருகே நிற்கிறாள். அவர் விழித்திருக்கிறார். நீங்கள் எதை எழுதினாலும், அதற்கு முன் அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.