பெரட்டு இல்லாத நாள்

டெல்சிக்கு லீவு என்றால் தோட்டத்து லயத்து வீட்டில் துணி துவைக்கிற நாள் என்று அர்த்தம். அவள் என் தங்கை. டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் ஹட்டனில் டீச்சர். யாருக்காவது புத்தி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வரமாட்டேன் என்றவளை நான்தான் இழுத்துக்கொண்டு வந்து, கினிகத்தேனைக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்தேன்.

இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர். இறங்கும் வழியில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை இருந்தது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம், படிக்கவில்லை.

மறுநாள் காலை என் கணவர் கிறிஸ்டியன் கரையில் அடுப்பு மூட்டினார். நானும் டெல்சியும் ஆற்றின் நடுப்பாறையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம். அவள் தண்ணீரை உதைத்து உதைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

அப்போது மேலே எங்கோ சங்கு ஊதியது. டெல்சி சட்டென்று எழுந்துவிட்டாள்.

"அக்கா, சங்கு ஊதிருச்சு. வாங்க போவோம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. லயத்தில் பிறந்த எங்களுக்குச் சங்கு என்றால் ஒன்றுதான்: பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போகச் சொல்லும் தேயிலை ஃபெக்டரிச் சங்கு.

"எந்தத் தோட்டத்து ஃபெக்டரியோ ஊதுது. இன்னைக்கி ஒனக்குப் பெரட்டு இல்ல. உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

உட்கார்ந்தாள். நான் சொல்லி அவள் எதைத்தான் தட்டியிருக்கிறாள்?

சங்கு மறுபடியும் ஊதியது. மேலே அணைக்கதவைத் திறக்கப்போகிறார்கள் என்ற எச்சரிக்கை அது. பலகையில் தமிழிலும் எழுதியிருந்ததாம். கிறிஸ்டியன் கத்தியது கேட்டு நாங்கள் பாறையிலிருந்து இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நான் முன்னால் போனதால் அவர் கைக்கு எட்டினேன். டெல்சியின் விரல்கள் என் பிடியிலிருந்து நழுவிவிட்டன. வெகுதூரம் கீழே, பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தவளை ஊர்க்காரர்கள் கயிறு போட்டுத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. வலது முட்டி நொறுங்கியிருந்தது.

இரண்டு மாதம் ஆகிறது. இனி அவளால் மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலை லயத்து வாசலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபெக்டரிச் சங்கு ஊதியது. பெண்கள் கூடையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். டெல்சியின் கை தானாகச் சுவரைப் பிடித்து எழப் பார்த்தது. பிறகு மடியில் வந்து விழுந்தது.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க ஏங்க்கா அழுவுறீங்க?" என்றாள் டெல்சி. "எனக்குத்தான் பெரட்டு இல்லையே."