ஞாயிற்றுக்கிழமை செல்லாத லைசென்ஸ்

விடிந்தும் விடியாத நேரத்தில், காஜா பேராங் சாலையில் கலியாணசுந்தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மெல்ல நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எதிரே வந்த ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"என்ன கிராணி, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"இல்லப்பா. ஒரு கடையிலேருந்து இன்னொரு கடைக்கு எத்தனை நிமிஷம் ஆவுதுன்னு பார்க்கிறேன்."

ரொட்டிக்காரர் ஒன்றும் புரியாமல் மணியடித்துக்கொண்டு போனார்.

நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாலையில் கட்டிய தோரணங்களை இன்னும் அவிழ்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இருபது தமிழாசிரியர்கள் மலாக்காவுக்கு வருவதாக இருந்தது. கோட்டையையும் கடற்கரையையும் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள், நாம் நம் வட்டாரத்தை நடந்தே காட்டுவோம் என்று வாசகசாலையில் யோசனை சொன்னவர் கலியாணசுந்தரம்தான். அவர்தான் அதன் செயலாளர். பகலில் ஒரு ரப்பர் கம்பெனியில் கணக்கர் வேலை, அதனால் எல்லோருக்கும் அவர் 'கிராணி'. மாலையில் வாசகசாலை மேசையில் உட்கார்ந்து, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்வார், மனு எழுதிக் கொடுப்பார். அதற்காக யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அந்த வட்டாரத்தில் அவர் சொன்னால் அது எழுத்திலேயே இருக்கிற மாதிரி.

நடந்து காட்டும் பாதை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. முதலில் மசாலா அரைக்கும் மில், அப்புறம் நகைப்பட்டறை, சீனர் காப்பிக் கடை, பல தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்கா செட்டிப் பெண்கள் வாழை இலையில் பலகாரம் விற்கும் முனை. அங்கிருந்து சந்து வழியாகத் திரும்பினால் பச்சைப் பசேலென்று திடல். திடலின் ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். விருந்தினரை அதன் நிழலில் உட்கார வைத்து, வரவேற்புரை வாசிப்பதாகத் திட்டம்.

அன்று மாலை வாசகசாலைத் தலைவர் ராஜரத்தினம் பாதையைப் பார்வையிட வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், மரத்தடிக்கு வந்ததும் நின்றார். அங்கே பொன்னம்மாவின் ஆப்ப வண்டி நின்றது. நான்கு பக்கமும் பழைய தகரம், மேலே சாக்குப் படுதா. காலையில் ஆப்பம் விற்பவள் மாலையில் அங்கேயே அடுப்பைத் துலக்கிக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேர் புல்லில் குந்தியபடி தேநீர் குடித்தார்கள்.

ராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "சுந்தரம், நம்ம ஜனங்களோட முன்னேற்றத்தைக் காட்டத்தானே கூட்டியாறோம்? இதையா காட்டுறது? அந்த ஒரு நாள் கண்ணுல படாம இருந்தா நல்லாருக்கும். எப்படின்னு நீங்களே பார்த்துக்குங்க."

அவர் போய்விட்டார். கலியாணசுந்தரத்துக்கும் அந்தத் தகரம் அப்போதுதான் உறுத்தியது. ஒரு மாதிரி வெட்கமாகக்கூட இருந்தது. 'அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வேறு பக்கம் வைத்துக்கொள்ள முடியுமா?' என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் 'ஏன்?' என்பாள். அந்த 'ஏன்' என்பதற்கு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் பொன்னம்மாவே வாசகசாலைக்கு வந்தாள். ரப்பர் தோட்டத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு பட்டணத்துக்கு வந்தவள். முந்தானைக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"கிராணி தம்பி, ஞாயித்துக்கிழம திடல்ல ஏதோ விசேஷமாமே. நம்ம சூராட்டு அன்னைக்குச் செல்லுமா? ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லிடுங்க."

அது அவள் வண்டிக்கான லைசென்ஸ்; எந்தக் காகிதமும் அவளுக்குச் சூராட்டுதான். அதற்கு மனு எழுதிக் கொடுத்ததே அவர்தான். திடல் ஓரம், எல்லா நாளும், வருஷக் கடைசி வரை என்று தெளிவாக எழுதியிருந்தது. கலியாணசுந்தரம் அதைக் கையில் வாங்கினார். படிப்பது போலக் கண்ணை ஓட்டினார்.

"ஞாயித்துக்கிழமை செல்லாதுக்கா," என்றார். "அன்னைக்கு ஆபீஸர் வந்தா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க வராம இருக்கிறதுதான் நல்லது."

பொன்னம்மா பதறிப்போனாள். "ஐயோ, நல்லவேளை கேட்டேன்! ஞாயித்துக்கிழமதானே தம்பி நாலு ஆப்பம் கூடப் போவும்... சரி, நீங்க சொன்னா சரிதான்."

காகிதத்தை மறுபடி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அன்றைக்குச் சோற்றை இறங்கவிடவில்லை. ஒரே ஒரு நாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அது பொய்யாகத்தான் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது. மில்காரர் மஞ்சள் தூள் பொட்டலம் கொடுத்தார். காப்பிக் கடை முதலாளியான சீனத் தவுக்கே எல்லோருக்கும் நாற்காலி போட்டார். செட்டிப் பெண்கள் மலாய் பேசிச் சிரித்துக்கொண்டு பலகாரம் எடுத்து நீட்டினார்கள். ராஜரத்தினத்துக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பத்து மணிக்குக் கூட்டம் மரத்தடிக்கு வந்தது. புல் வெட்டப்பட்டு, தரை பெருக்கப்பட்டுச் சுத்தமாக இருந்தது.

ஈப்போவிலிருந்து வந்த கமலவேணி டீச்சர் களைத்துப்போய், ஓரமாக ரிக்‌ஷாவை நிறுத்தியிருந்த சுப்பையனிடம் கேட்டார்: "ஏங்கண்ணே, இங்க ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்குமா?"

"தினமும் கிடைக்கும்மா. இன்னைக்குத்தான் இல்ல," என்றான் சுப்பையன். "இங்க எங்க பொன்னம்மாக்கா வண்டி போடும். அதோட லைசென்ஸ் ஞாயித்துக்கிழமை செல்லாதுன்னு யாரோ படிச்சவங்க சொல்லிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை யாவாரம் போயிடுமே, அங்கன்னா ஆபீஸரு வரமாட்டாருன்னு நெனச்சு, பாவம், விடியக்காலையில தெங்கேரா வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போச்சு. அங்க வண்டி போட இதுக்கு லைசென்ஸ் இல்லையே! புடிச்சிட்டாங்க. வண்டிய லாரியில ஏத்திட்டாங்க. இப்பத்தான் நான் பார்த்துட்டு வரேன்."

"யாரு அப்படிச் சொன்னதாம்?"

"எத்தனையோ தடவ கேட்டுட்டேன். பேரைச் சொல்லமாட்டேங்குது."

டீச்சர் கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். அவர் கையில் வரவேற்புரைத் தாள் இருந்தது.

"நீங்கதானே சார் இங்க எல்லாருக்கும் படிச்சுச் சொல்றவங்க? அந்தம்மாவுக்குத் தப்பாப் படிச்சுச் சொன்னது யாருன்னு கொஞ்சம் விசாரிங்களேன். படிக்கத் தெரியாம சொன்னாரோ என்னமோ."

ராஜரத்தினம் அவசரமாக, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், வரவேற்புரை..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான் டீச்சர்," என்றார் கலியாணசுந்தரம். "நல்லாப் படிக்கத் தெரிஞ்சுதான் சொன்னேன். அந்த லைசென்ஸ் இன்னைக்கும் செல்லும். உங்க கண்ணுல அந்த வண்டி படக்கூடாதுன்னு பொய் சொன்னேன்."

அவர் தாளை ராஜரத்தினத்தின் கையில் கொடுத்துவிட்டுச் சுப்பையனின் ரிக்‌ஷாவில் ஏறினார்.

தெங்கேராவில் சாலையோரச் சுவரை ஒட்டிப் பொன்னம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆப்பச்சட்டி, ஒரு தூக்குப் பாத்திரம். வண்டியை ஏற்றும்போது கவிழ்ந்த மாவு சாலையில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"தெரியும் தம்பி. வண்டிய எடுத்த ஆபீஸரு சூராட்டப் பார்த்துட்டுச் சொன்னாரு. 'திடல்ல எல்லா நாளும் செல்லுமே, இங்க எதுக்கு வந்த?'ன்னு கேட்டாரு. நான் என்னத்த சொல்ல?"

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நாளைக்கு எவன் உங்ககிட்ட சூராட்டு கொண்டாருவான்? அவங்களுக்கெல்லாம் வேற யாரு இருக்கா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "வண்டிய எடுத்துக்கன்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன் தம்பி. வெக்கமா இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூட அழுதுட்டு எடுத்திருப்பேன். எழுத்துல இல்லாதத எழுத்துல இருக்குன்னு சொல்லிட்டீங்களே."

கலியாணசுந்தரம் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். அவள் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை.

திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனார். நடந்ததை முழுக்க எழுதி, தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அபராதத்தைத் தானே கட்டினார். மூன்றாம் நாள், பிடித்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவரும் சுப்பையனும் சேர்ந்து தெங்கேராவிலிருந்து திடல் வரைக்கும், ஊர் பார்க்க அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை அவர் ஆப்பம் சாப்பிடப் போனார். பொன்னம்மா மற்றவர்களுக்குப் போடுவதுபோலவே அவருக்கும் சூடாகப் போட்டாள். தேங்காய்ப்பாலும் ஊற்றினாள். அப்போது தபால்காரர் வந்து அவளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிரே சாப்பிட்டு முடித்து எழுந்த கலியாணசுந்தரத்தையும் பார்த்தாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, திடலைத் தாண்டி, தையற்கடைப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்கப் போனாள்.

அவர் எச்சில் இலையோடு அப்படியே நின்றார்.

அந்த வாரக் கூட்டத்தில் ராஜரத்தினம் அவர் மேல் எரிந்து விழுந்தார். "விருந்தாளிங்க முன்னால மானத்தை வாங்கிட்டீங்களே! ஒரு ஆப்ப வண்டிக்காகவா?"

கலியாணசுந்தரம் எழுந்து நின்றார்.

"தலைவரே, ஏழை நம்ம ஊர்ல இருக்கிறது நமக்கு அவமானம் இல்ல. அவங்களை ஒளிச்சு வைக்க நினைச்சதுதான் அவமானம். அதைவிடப் பெரிய பாவம் ஒண்ணு நான் செஞ்சேன். எழுத்து தெரியாதவங்க படிச்சவன்கிட்ட வரும்போது காகிதத்தை மட்டும் குடுக்கல, அவங்க கண்ணையே கழட்டிக் கையில குடுக்கிறாங்க. அதை வெச்சுக்கிட்டுப் பொய் சொல்றவன் எத்தனை படிச்சிருந்தாலும் திருடன்தான். வண்டிய மீட்டுக் குடுத்துட்டேன். அந்தம்மா என் மேல வெச்ச நம்பிக்கைய மீட்க எனக்கு வழி தெரியல. நம்மள்ல வேற யாரும் அப்படி நிக்க வேணாம்."